இல்லறத்தில் இறைமகிழ்ச்சி கண்டவர்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



ஜூபிலி என்பது நன்றியின் காலம். நமக்கு முன்னே இந்த மண்ணில் விசுவாசத்தை விதைத்த குருக்களையும், கன்னியரையும், ஊர் ஊராய் நடந்து செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்களையும் இந்நேரத்தில் நினைவுகூருகிறோம். அது முறையே. ஆயினும் பங்கு என்பது பெரும்பாலும் குடும்பங்களால் ஆனது. விடிந்ததும் காட்டு வேலைக்கும், சேகோ ஆலைக்கும், கடைக்கும், அலுவலகத்துக்கும் போய், பொழுது சாய வீடு திரும்பி, பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்து, வட்டிக் கணக்கும் சீட்டுக் கணக்கும் பார்த்து, செபமாலை சொல்லிவிட்டுப் படுக்கிறவர்களே பங்கு மக்கள். புனிதர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போது நமக்குப் பக்தி உண்டாகிறது. கூடவே, அதெல்லாம் துறவிகளுக்கு ஆகும், சம்சாரிகளுக்கு ஆகுமா என்ற ஒரு சந்தேகமும் எழுகிறது.

அந்தச் சந்தேகத்துக்கு விடையாக ஒரு சம்சாரியின் வாழ்க்கையை இங்கே எழுத முற்படுகிறோம். அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்தவர். மனைவி மக்களோடு வாழ்ந்தவர். நோயும், இழப்பும், மேலதிகாரியின் அதிருப்தியும் கண்டவர். இத்தனைக்கும் நடுவே கடவுளிடத்தில் மகிழ்ந்து, நண்பர்களோடு மகிழ்ந்து, வீட்டிலும் மகிழ்ந்திருந்தவர். அவரே வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தமையால் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்றே நாடு அவரை அறிந்தது. தமிழில் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிப் புத்தகங்கள் ஒரு வரி சொல்லும். அவர் நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கர் என்பதும், தேவமாதாவின் மேல் அந்தாதி பாடியவர் என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

குளத்தூரில் ஒரு செப வீடு

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சவரிமுத்துப் பிள்ளை. தாய் ஆரோக்கிய மரியம்மாள். பெற்றோரின் பெயர்களே அந்த வீட்டின் பக்தியை எடுத்துச் சொல்லும். ஒருவர் பெயரில் புனித சவேரியார் இருக்கிறார். மற்றவர் பெயரில் ஆரோக்கிய மாதா இருக்கிறாள்.

அக்காலத்துக் கத்தோலிக்கரின் நிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தத்துவ போதகரும், அருளானந்தரும், வீரமாமுனிவரும் உழைத்த மதுரை மிஷன், 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் ஆதரவற்றுப் போயிற்று. குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல. 1838ஆம் ஆண்டில்தான் இயேசு சபைக் குருக்கள் மீண்டும் இப்பகுதிக்கு வந்தார்கள். அப்போது வேதநாயகத்துக்கு வயது 12. அதுவரைக்கும் விசுவாசத்தைக் காத்தது யார்? வீடுதான். அம்மா சொல்லிக் கொடுத்த மந்திரமும், மாலையில் குடும்பம் கூடிச் சொன்ன செபமும், உபதேசியார் வாசித்த ஞான வாசகமும் விளக்கை அணையாமல் காத்தன. பிற்காலத்தில் வேதநாயகம் பிள்ளை எதை எழுதினாலும் அதில் வீட்டுக்கு முதலிடம் கொடுத்தார் என்றால், அதன் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

தியாகப் பிள்ளை என்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். படித்த படிப்பு வீண்போகவில்லை. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். முன்சீப் தேர்வில் வெற்றி பெற்று, 1857இல் தரங்கம்பாடியில் நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் சீகாழி, அதன்பின் மாயூரம். இன்று மயிலாடுதுறை என்று வழங்கும் அந்த ஊர்தான் அவருக்கு நிலைத்த ஊர் ஆயிற்று.

நியாய மேடையில் ஒரு விசுவாசி

முன்சீப் பதவி அந்நாளில் சாமானியமானது அன்று. வெள்ளையர் ஆட்சியில் நம்மவருக்கு எட்டக்கூடிய நீதிபதி பதவிகளில் முக்கியமானது அது. நிலத் தகராறு, கடன் தகராறு, பாகப் பிரிவினை என்று வருகிற ஏழை எளியவர்கள் அந்த மேடையின் முன்தான் கைகட்டி நின்றார்கள். வழக்கு நடப்பதும் தீர்ப்புச் சொல்வதும் அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் இருந்தது. தன் நிலம் போயிற்றா நின்றதா என்பதையே பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. இது வேதநாயகம் பிள்ளையின் மனத்தை உறுத்தியது. ஆகவே 1805 முதல் 1861 வரை உயர்ந்த நீதிமன்றம் வழங்கிய முக்கியத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தார். சித்தாந்த சங்கிரகம் என்பது அந்நூலின் பெயர். சட்டம் சாமானியனின் மொழியில் பேச வேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே செயலில் காட்டியவர் அவர்.

1859ஆம் ஆண்டில் நீதிநூல் வெளிவந்தது. கடவுள் வாழ்த்து, பெற்றோர் கடமை, பிள்ளைகள் கடமை, கணவன் மனைவி, உடன்பிறந்தார், பொய், களவு, மது என்று வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையிலும் விளக்குப் பிடிக்கும் செய்யுள் நூல் அது. கைக்கூலி வாங்கும் அதிகாரிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாமே அதிகாரியாக இருந்துகொண்டு அதிகாரிகளின் லஞ்சத்தைக் கண்டித்துப் பாடுவதற்கு ஒரு துணிவு வேண்டும். அதைவிட முக்கியமாக, தன் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகிழ்ச்சியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் லஞ்சத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று தோன்றலாம். மறைவான பணம் வருகிற வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கலாம். நிம்மதியான தூக்கம் இராது. மனச்சாட்சி நேராக இருக்கிறவனுக்குத்தான் மாலையில் வீட்டுத் திண்ணையில் கவலையின்றி உட்கார்ந்து நண்பனோடு பேசவும், பிள்ளையோடு விளையாடவும் முடியும். வேதநாயகம் பிள்ளையின் மகிழ்ச்சிக்கு அஸ்திவாரம் அந்த நேர்மை.

மதங்களைத் தாண்டிய சிநேகம்

அவருடைய வாழ்வில் மிக அழகான பகுதி அவருடைய நட்பு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அறியாத தமிழறிஞர் இல்லை. திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரும்புலவர், எண்ணற்ற தலபுராணங்கள் பாடியவர், டாக்டர் உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர். 1815இல் பிறந்த அவர், வேதநாயகம் பிள்ளையைவிடப் பதினொரு வயது மூத்தவர். அவர் பழுத்த சைவர்; இவர் உறுதியான கத்தோலிக்கர். இருவரும் உயிர் நண்பர்கள்.

வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீப்பாக இருந்த காலத்தில் மகாவித்துவான் சீகாழிக் கோவையை அரங்கேற்றினார். நீதிமன்ற வேலையை முடித்துக்கொண்டு முன்சீப் அந்தச் சபையில் வந்தமர்ந்து, தமிழின் சுவையில் திளைத்தார். தாமும் செய்யுள் பாடிப் புலவரைப் பாராட்டினார். நண்பரோ அந்தக் கடனை வட்டியும் முதலுமாகத் தீர்த்தார். வேதநாயகம் பிள்ளையையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்துக் கோவை என்ற நூலைப் பாடினார். கோவை என்பது தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் வள்ளல்களுக்கும் பாடப்படுவது. சைவ ஆதீனத்தின் தலைமைப் புலவர் ஒரு கிறிஸ்தவ நண்பருக்காக அதைப் பாடினார் என்றால், அந்த அன்பின் அளவை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமும் அவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது. தேசிகரின் கல்வியையும் கொடையையும் புகழ்ந்து அவர் செய்யுட்கள் எழுதினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரத்தில் அவருக்கு நண்பர். சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டபோது, இந்த நட்புகளையெல்லாம் அன்போடு பதிவு செய்து வைத்தார்.

இந்த நட்புக்காக வேதநாயகம் பிள்ளை தம் விசுவாசத்தைச் சிறிதும் மறைக்கவில்லை. நண்பர்களின் சமயத்தை இகழவும் இல்லை. தாம் அன்பு செய்யும் கடவுள் எல்லாருக்கும் தந்தை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஒரே தந்தையின் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழைச் சுவைப்பதில் என்ன தடை? எதிர்ப்பக்கமும் அப்படியே இருந்தது. மகாவித்துவானின் வீட்டில் தங்கிப் படித்த மாணவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் ஒருவர். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் அந்தப் பெரும்புலவரின் உயிர் பிரிந்தபோது, சாமிநாதையரோடு சவேரிநாத பிள்ளையும் அருகிலிருந்தார். இந்து நண்பர் வீட்டுப் பொங்கலுக்கு நாம் போவதும், நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் தெருவெல்லாம் போவதும் நேற்று வந்த வழக்கம் அல்ல. அதற்குப் பின்னால் இத்தகைய பெரியோர் இருக்கிறார்கள்.

வீடே முதல் பள்ளிக்கூடம்

1869ஆம் ஆண்டில் பெண்மதி மாலை வெளிவந்தது. பெண்கள் எளிதில் பாடக்கூடிய செய்யுள்களும், பெண்கல்வியைப் பற்றியும் பெண்களின் மானத்தைப் பற்றியும் எழுதிய உரைநடையும் சேர்ந்த நூல் அது. பெண்பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரிய மனிதர்களே நம்பிய காலம். அந்தக் காலத்தில், படிக்காத தாயின் கையில் வளரும் குழந்தை முதல் பாடத்தையே இழந்துவிடுகிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். ஆண்கள் தங்களுக்கு வேண்டிய அறிவையெல்லாம் சேர்த்துக்கொண்டு பெண்களை இருட்டில் வைத்திருப்பது அநீதி என்று ஒரு நீதிபதிக்குரிய கண்டிப்போடு வாதாடினார்.

அவர் மனைவிக்குச் சொன்ன புத்திமதிகளில் சில, இக்காலத்துப் பெண்களுக்கு ஏற்புடையனவாக இரா. கணவனுக்கு அடங்கி நடக்கும்படி அவர் சொல்லும் இடங்கள் உண்டு. அவரும் தம் காலத்தின் மனிதரே. ஆனால் அவர் கணவன்மாரையும் சும்மா விடவில்லை என்பதை மறக்கக்கூடாது. மனைவியை அடிக்கிறவன், குடித்துவிட்டு வருகிறவன், வெளியிலே இனிக்கப் பேசி வீட்டிலே எரிந்து விழுகிறவன் ஆகியோருக்கெல்லாம் அவர் பாட்டில் கிடைக்கும் இடம் குற்றவாளிக் கூண்டுதான்.

அவருடைய இல்லறம் மலர்ப் படுக்கையாக இருந்ததா? இல்லை. மனைவியை அடக்கம் செய்து திரும்பும் துயரம் அவருக்கு ஒருமுறையோடு நிற்கவில்லை. தாயில்லாப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுநாள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. உடல்நலமும் அவரை அடிக்கடி கைவிட்டது. குடும்ப மகிழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியவை, துக்கமே தெரியாத ஒருவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை அல்ல. இழந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு சாதாரண மாலைப் பொழுதில் வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு உண்பது எவ்வளவு பெரிய வரம் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பதவி போயிற்று, பாட்டு வந்தது

மாயூரத்தில் பல ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தபின் 1872ஆம் ஆண்டில் அவர் உத்தியோகத்தை விட்டு விலகினார். உடல்நலக் குறைவும் மேலதிகாரியின் அதிருப்தியும் சேர்ந்து அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தன. அப்போது அவருக்கு வயது 46. இன்று நம்மிடையே, வேலை போனவரின் வீட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். சிலர் பேச்சைக் குறைத்துக் கொள்கிறார்கள். சிலர் குடியில் விழுகிறார்கள். சிலர் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம்.

வேதநாயகம் பிள்ளை என்ன செய்தார்? பதவி போன மறுவருடம், 1873இல், அவருடைய பக்தி நூல்கள் வரிசையாக வெளிவந்தன. திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம் ஆகியவை அவை. நாற்காலி போன ஆத்திரத்தை அவர் ஏட்டில் கொட்டவில்லை. நேரம் கிடைத்தது என்று கடவுளைப் பாடினார். அவருடைய தாயைப் பாடினார். பெரியநாயகி என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்க்குக் கோணான்குப்பம் நினைவுக்கு வரும். வீரமாமுனிவர் எழுப்பிய அந்தத் திருத்தலத்தில் அன்னை அந்தப் பெயரால்தான் விளங்குகிறாள். வெளிநாட்டுச் சொல் எதுவும் கலவாமல், நம் பாட்டி தன் தாயை அழைப்பது போல் மாதாவை அழைக்கும் வழக்கு அது. தலைமுறை தலைமுறையாக வந்த அந்த வழக்கில் நின்றே வேதநாயகம் பிள்ளையும் பாடினார்.

துதிப்பது என்பது நன்றாக இருக்கிறவர்களின் வேலை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நிலைமை சரியாகட்டும், பிறகு நன்றிப் பூசை வைக்கலாம் என்று தள்ளிப் போடுகிறோம். அவரோ நிலைமை சரியில்லாத வருடத்தில் துதித்தார். அதனால் நிலைமை மாறிற்றோ இல்லையோ, அவர் கசந்து போகாமல் காக்கப்பட்டார். பின்னர் மாயூரம் நகர மக்கள் அவரை நகரசபைத் தலைவராகவும் கண்டார்கள்.

தாது வருடப் பஞ்சம்

அவருடைய மகிழ்ச்சிக்குப் பெரிய சோதனை 1876இல் வந்தது. அந்த வருடம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது; வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொல்லி வந்தது அதுவே. 1878 வரைக்கும் அது சென்னை மாகாணத்தை வாட்டியது.

இந்தப் பஞ்சம் நம் சேலம் மாவட்டத்துக்குச் செய்ததை நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் ஜனத்தொகை ஏறக்குறைய 19½ லட்சம். பத்தாண்டு கழித்து, 1881இல் எண்ணியபோது அது ஏறக்குறைய 16 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்து வருடத்தில் ஜனம் பெருக வேண்டியிருக்க, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைந்த அளவு காணாமற் போயிற்று. செத்தவர், ஊரைவிட்டுப் போனவர் என்று எண்ணிக் கொள்ளலாமே தவிர, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்தன. வசிட்ட நதியின் கரையில் இன்று நாம் காணும் பசுமைக்குக் கீழே அந்தத் துயரமும் புதைந்து கிடக்கிறது.

காவிரி பாயும் தஞ்சைப் பகுதியில் நிலைமை இத்தனை மோசமில்லை. ஆனால் மேட்டு நிலத்து மாவட்டங்களிலிருந்து பசியோடு நடந்தவர்கள் தண்ணீர் உள்ள திசையை நோக்கித்தான் நடந்தார்கள். மாயூரத்துத் தெருக்களிலும் எலும்பும் தோலுமான உருவங்கள் வந்து நின்றன. உத்தியோகம் இல்லாத வேதநாயகம் பிள்ளை, தம்மிடம் இருந்ததைக் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். கஞ்சித் தொட்டிகள் வைத்துப் பசித்தவர்களுக்கு ஊற்றினார். வந்தவரின் சாதி எது, சமயம் எது என்று கேட்கப்படவில்லை. வயிறு காய்ந்திருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. இதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் மனம் உருகி, நண்பரின் பெருமையை ஒரு கீர்த்தனையாகவே பாடிவிட்டார். நந்தனாரின் கண்ணீரைப் பாடிய அந்த நாவு, ஒரு கிறிஸ்தவரின் கருணையையும் பாடியது.

அந்த நாட்களிலேதான் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் உருவாகி, 1878இல் நூலாக வெளிவந்தன. எந்தச் சமயத்தாரும் தம் வாயால் பாடி ஒரே கடவுளைத் துதிக்கலாம் என்ற கருத்தோடு இயற்றப்பட்ட பாடல்கள் அவை. பஞ்சத்தைப் போக்கும்படி இறைவனிடம் முறையிடும் பாடல்களும் அவற்றில் உண்டு. கடவுளைத் துதித்த அதே வாய், மக்கள் சாகிறார்களே என்று கடவுளிடமே வாதாடியது. விசுவாசத்தின் மகிழ்ச்சி என்றால் எந்நேரமும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது என்று பொருள் அல்ல. தந்தையிடம் அழவும் உரிமை உண்டு என்று தெரிந்திருப்பதும் அதில் சேர்ந்தது. அக்கீர்த்தனைகளுள் பல கர்நாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. பாடுகிறவரும் கேட்கிறவரும் பெரும்பாலும் இந்துக்கள். இயற்றியவர் ஒரு கத்தோலிக்கர் என்பது பலருக்கு நினைவில்லை; அதனால் பாட்டுக்குக் குறைவும் இல்லை.

பஞ்சத்துக்குப் பின் ஒரு சிரிப்பு

பஞ்சம் ஓய்ந்த மறுவருடம், 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. தமிழில் முதல் நாவல் அதுவே. இத்தனை துக்கத்தைக் கண்ட மனிதர் எழுதிய கதை அழுகைக் கதையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அதுவோ பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைக்கும் கதை!

சத்தியபுரி என்ற ஊரில் செல்வர் வீட்டுப் பிள்ளை பிரதாபன். பாட்டி கொடுத்த செல்லத்தில் படிப்பு ஏறவில்லை. வாத்தியார் அவனை அடிக்கக்கூடாது. அவன் செய்த தப்புக்கு வாத்தியார் வீட்டுப் பையன் கனகசபைதான் அடி வாங்க வேண்டும் என்று ஏற்பாடு! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சற்று நின்று யோசித்தால், நம் பிள்ளையின் தப்புக்கு அடுத்தவர் பிள்ளையைக் குறை சொல்லும் நம் வழக்கமும் நினைவுக்கு வருகிறது. தாய் சுந்தரத்தண்ணியின் புத்தியும், உறவுப் பெண் ஞானாம்பாளின் அறிவும் சேர்ந்து அந்தப் பையனை மனிதனாக்குகின்றன. அவனுக்காக அடி வாங்கிய கனகசபை ஆயுள் முழுவதும் உற்ற நண்பனாகிறான். கல்யாணப் பேச்சிலே, பெண்ணும் மாப்பிள்ளையும் யார் வீட்டில் இருப்பது என்று இரு தகப்பன்மாருக்கும் வீம்பு முற்றி, சம்பந்தமே முறிகிறது. பிறகு ஒருவாறு சேர்ந்து, கல்யாணமும் நடக்கிறது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற கூத்துத்தானே இது!

கணவன் மனைவி பிரிந்து அலைந்து, ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆண்டு நீதி வழங்குகிறாள். ஆண்களுக்குப் புத்தி சொல்லும் அறிவும், நாட்டை ஆளும் திறமையும் பெண்ணுக்கு உண்டு என்பதை 1879இல் ஒரு கதையாகச் சொல்லி மக்களை ஒப்புக்கொள்ளச் செய்தவர் வேதநாயகம் பிள்ளை. அத்தனை சாகசங்களுக்குப் பிறகும் கதை போய்ச் சேரும் இடம் வீடுதான். அரண்மனையைவிட, அன்புள்ளோர் கூடியிருக்கும் சொந்த வீடு பெரிது என்பதே அந்த நூலின் சாரம். 1887இல் சுகுண சுந்தரி என்ற இரண்டாவது கதையையும் அவர் வெளியிட்டார்.

மறைவும் நினைவும்

வேதநாயகம் பிள்ளை 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மாயூரத்தில் இறைவனடி சேர்ந்தார். வயது 62. நம் சேலம் மறைமாவட்டம் உருவானது 1930இல். அதற்கு 41 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றவில்லை. அவருக்குத் திருநாளும் இல்லை. ஆனால் நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கு அவர் விட்டுச் சென்ற பாடம் உண்டு.

மகிழ்ச்சி என்பது எல்லாம் சரியான பிறகு வந்து சேரும் விருந்தாளி அல்ல. விருந்தாளிக்காகக் காத்திருப்பவர் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. வேதநாயகம் பிள்ளை காத்திருக்கவில்லை. பதவி போன வருடத்தில் துதித்தார். பஞ்ச வருடத்தில் கொடுத்தார். மனைவியை இழந்தபின்னும் இல்லறத்தைப் போற்றினார். வேறு சமயத்து நண்பர்களைத் தேடிச் சென்று நேசித்தார். ஒவ்வொன்றும் அவர் செய்த காரியம். மகிழ்ச்சி அந்தக் காரியங்களின் பின்னாலேயே வந்தது.

பங்கு மக்களே! ஜூபிலித் திருப்பலியும், ஊர்வலமும், விருந்தும் ஒரு நாளில் முடிந்துவிடும். மறுநாள் காலை நாம் திரும்பிப் போவது நம் வீட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மலர்ந்திருக்கும் முகம், வீட்டுப் படியேறியதும் ஏன் சுருங்க வேண்டும்? மனைவியிடம் நாலு நல்ல வார்த்தை பேசுவதற்கும், மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பதற்கும், பேச்சு வார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய் வருவதற்கும், பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் சகோதரரோடு மனம்விட்டுச் சிரிப்பதற்கும் பணம் தேவையில்லை. நல்ல காலம் பிறக்கவும் வேண்டியதில்லை. இன்று மாலை, டிவியைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, வீட்டார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பத்துமணி செபமாலை சொல்லி, ஒன்றாகச் சோறு உண்டால், அங்கே வேதநாயகம் பிள்ளை கண்ட ஆனந்தத்தின் வாசல் திறக்கிறது.

நாசரேத்து வீட்டில் முப்பது ஆண்டுகள் நம்மைப் போல் உண்டு, உழைத்து, உறங்கிய ஆண்டவர், ஜூபிலி காணும் நம் பங்கின் ஒவ்வொரு வீட்டையும் அப்படியே நிரப்புவாராக!